நகமும் சதையும்

நெருங்கிய உறவைக் குறிக்க 'நகமும் சதையும் போல' என்னும் உவமைத் தொடரை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நான் அந்தத் தொடரைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பொருள் சொல்லியிருக்கிறேன், வாக்கியம் அமைக்கப் பணித்திருக்கிறேன், மாணவர்கள் அமைத்த வாக்கியங்களைச் சிவப்பு மையால் திருத்தியும் இருக்கிறேன். ஆனால், உவமையாக மட்டுமே நான் அறிந்திருந்த அத்தொடரின் நேர்ப்பொருளை என் உடம்பே எனக்குக் கற்பித்தது. அது 2014-ஆம் ஆண்டு. கால்விரல் நகத்துக்காக நான் உண்ட மருந்து, என் தொடைச் சதையைக் கரைத்துச் சிறுநீரில் கலக்கச் செய்த கதையே இக்கட்டுரை.

தன் நோயைப் பற்றி எழுதுவது தற்பெருமையைப் போலவே சலிப்பூட்டும் செயல் என்பதை நான் அறிவேன். எனினும், எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற செருக்கே என்னை அந்தப் படுக்கையில் கிடத்தியது. ஆதலால், எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் கற்கும் மாணவர்களுக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளி விடுமுறை நாள்களில் அம்மாவோடு மங்கு துடைக்கவும் பால் எடுக்கவும் காட்டுக்குப் போவேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பனியில் நனைந்த புல்லில் நடந்து, நண்பகலில் பால் வாளியைக் கொட்டகையில் சேர்க்கும் வரை கால்கள் ஈரத்திலேயே ஊறிக்கிடக்கும். அந்நாளில் தோட்டத்தில் சேற்றுப்புண் இல்லாத கால்களைக் காண்பது அரிது. இரவில் அம்மா என் விரலிடுக்குகளில் மஞ்சளை அரைத்துப் பூசுவாள். தோலில் படர்தாமரை கண்டால் சீமையகத்தி இலையைக் கசக்கித் தேய்ப்பாள். மலாய்க்காரர்கள் அந்தச் செடியைக் 'கெலெங்காங்' என்பார்கள். அவர்களும் அதே நோய்க்கு அதே இலையைத்தான் தேய்த்தார்கள். அவற்றாலும் தீராவிட்டால், தோட்டத்து மருத்துவமனையில் டிரசர் ஐயா ஊதா மருந்தைப் பூசி அனுப்புவார்.

படர்தாமரை! எத்துணை அழகான பெயர்! நீர்மேல் தாமரை இலை படர்வதைப் போலத் தோல்மேல் வட்டமாகப் படரும் நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அந்த வட்டத்தை விளைவிப்பது ஒரு பூஞ்சை. ஈரச் சுவரில் பூப்பதும், பழைய ரொட்டியில் பச்சையாய்ப் படர்வதும் அதன் இனத்தைச் சேர்ந்தவையே. தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின் என்னும் கடினமான புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகள் சில உள்ளன. அவை தோலில் தங்கினால் படர்தாமரை, விரலிடுக்கில் தங்கினால் சேற்றுப்புண், நகத்தின் அடியில் குடியேறினால் நகச்சொத்தை.

தோட்டத்தை விட்டு வெளியேறி, படித்து, ஆசிரியனாகி, காலணியும் காலுறையும் அணியத் தொடங்கிய பிறகும் அந்தப் பூஞ்சை என்னை விட்டு விலகவில்லை. நாற்பது வயதுக்குமேல் என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் தடித்து, மஞ்சளாகி, பிறகு கறுத்து, ஓரங்களில் பொடிந்து உதிரத் தொடங்கின. வலியில்லை, அதனால் கவலையும் இல்லை. காலுறைக்குள் மறைந்திருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

2014-இல் என் மகளுக்குத் திருமணம் உறுதியாயிற்று. பணி ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. திருமணச் சடங்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மணமகள் பெற்றோருக்குப் பாதபூசை செய்வாள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிரவு என் கால்களைப் பார்த்தேன். அறுநூறு விருந்தினர் முன்னிலையில், ஒளிப்படக் கருவிகளின் வெளிச்சத்தில், தாம்பாளத்தின் மேல் இந்தக் கறுத்த நகங்களையா வைப்பது? என் மகளின் விரல்கள் இவற்றையா தொடுவது? வெட்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே நகரில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கிற்குச் சென்றேன்.

அங்கிருந்த மருத்துவர் நகத்தைப் பார்த்தார். நகத்தின் அடியில் உள்ள பூஞ்சையை மேலே பூசும் மருந்து எளிதில் எட்டாது. இரத்தத்தின் வழியாகச் சென்று வேரைத் தொடும் மாத்திரையே தக்கது என்றார். கால் கட்டைவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை ஆகும் என்பதையும் சொன்னார். கல்லீரலில் கோளாறு உண்டா, இதயம் பலவீனமா என்று கேட்டார். இறுதியாக, "வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை, டாக்டர்" என்றேன்.

அன்பர்களே, அந்த இரண்டு சொற்களைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2009-ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கிளினிக்கில் எனக்கு இரத்தக் கொழுப்புக்காக சிம்வாஸ்டாட்டின் என்னும் மாத்திரை கொடுத்து வந்தார்கள். நாள்தோறும் இரவில் 40 மில்லிகிராம். ஐந்தாண்டுகள் உண்ட பிறகு அது எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை; படுக்குமுன் குடிக்கும் தண்ணீரைப் போல ஒரு பழக்கமாகிவிட்டது. அதைச் சொன்னால் இரத்தப் பரிசோதனை, கடிதம், காத்திருப்பு என்று நாள் நீளுமோ என்ற அவசரமும் உள்ளத்தின் ஒரு மூலையில் இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் எனக்கு ஒரு கோப்பு. தனியார் கிளினிக்கில் ஒரு கோப்பு. அவ்விரண்டு கோப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டிய ஒருவன் நான்தான். நானோ வாய் திறக்கவில்லை.

மருத்துவர் இட்ராகொனசோல் என்னும் மருந்தைக் கொடுத்தார். நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஏழு நாள்கள் உண்ண வேண்டும். பிறகு மூன்று வாரம் ஓய்வு. மீண்டும் ஏழு நாள்கள். இவ்வாறு மூன்று சுற்று. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. எறும்புகள் ஊர்வதைப் போன்ற சிறிய ஆங்கில எழுத்துகள். கண்ணாடியைத் தேடச் சோம்பி, அதை அப்படியே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். வினாத்தாளை முழுமையாகப் படிக்காமல் விடையெழுதத் தொடங்கிய மாணவர்களை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

அன்றிரவு என் துணைவி இரு மாத்திரை உறைகளையும் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க, கொழுப்பு மாத்திரையோடு இதையும் சேர்த்துப் போடலாமா? டாக்டரிடம் கேட்டீர்களா?" என்றாள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். நான் சிரித்தேன். "ஒன்று நகத்துக்கு, மற்றொன்று இரத்தத்துக்கு. இரண்டும் எங்கே போய்ச் சந்திக்கப் போகின்றன? உனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை.

முதற்சுற்று முடிந்த சில நாள்களில் கெண்டைக்கால் வலித்தது. காலையில் அதிகமாக நடந்துவிட்டேன் என்று எண்ணித் தைலம் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் வலி தணிந்தது. இரண்டாம் சுற்றைத் தொடங்கிய ஐந்தாம் நாள், தலைவாரக் கையைத் தூக்கியபோது தோள் எழ மறுத்தது. அடுத்த நாள் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருந்தது. தொடைகள் அடிபட்டவை போலக் கனத்து வலித்தன. ஏழாம் நாள் காலை, குளியலறையில் என் சிறுநீரைக் கண்டு திடுக்கிட்டேன். பால் சேர்க்காத 'தே ஓ'வின் நிறத்தில் அது இருந்தது.

அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. திருமண அழைப்பிதழ்களை மறுநாளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. என் நடையைக் கண்ட துணைவிதான் மகனைத் தொலைபேசியில் அழைத்து, என்னை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் செய்தாள்.

அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்தார்கள். தசை சிதையும்போது இரத்தத்தில் வந்து கலக்கும் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதியை அளந்தார்கள். நலமுள்ளவருக்கு அது ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 200 அலகுக்குள் இருக்கும். எனக்கோ 18,000-ஐத் தாண்டியிருந்தது. "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று இளம் மருத்துவர் கேட்டார். நகத்துக்கு உண்ட மருந்தை மட்டுமே சொன்னேன். அந்த வலியிலும் என் நினைவுக்கு அந்த இரவு மாத்திரை வரவில்லை.

நினைவுபடுத்தியவள் என் துணைவி. வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். வார்டுக்கு வந்த மருந்தாளுநர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. டின்னைத் திறந்து ஒவ்வோர் உறையாகப் பார்த்தவர், சிம்வாஸ்டாட்டின் உறையையும் இட்ராகொனசோல் பெட்டியையும் எடுத்து என் போர்வையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சிக்கு, இவை இரண்டும் ஒன்றாகச் சேரவே கூடாதவை" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். ஆசிரியரை மலாய்க்காரர்கள் மரியாதையோடு அழைக்கும் அந்தச் சொல், அன்று என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

'இரண்டும் எங்கே போய்ச் சந்திக்கப் போகின்றன?' என்று நான் எள்ளி நகைத்துக் கேட்ட வினாவுக்கு விடை அன்று கிடைத்தது. அவை கல்லீரலில் சந்திக்கின்றன.

இதைச் சற்று விளக்க வேண்டும். பென்சிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைத் தாக்குகின்றன. அத்தகைய சுவர் மனித அணுவுக்கு இல்லாமையால் அம்மருந்துகள் நம்மைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. பூஞ்சையோ உயிரினங்களின் வரிசையில் பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய உறவு. அதன் அணுவும் நம் அணுவும் பல வகையில் ஒத்தவை. நம் அணுவின் மென்சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதைப் போல, பூஞ்சையின் மென்சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் பொருள் இருக்கிறது. அதை ஆக்குவதற்குப் பூஞ்சைக்கு உதவும் நொதி ஒன்றை முடக்குவதே இட்ராகொனசோலின் தொழில். அந்த நொதி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் நம் கல்லீரலிலும் உண்டு. உண்ட மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது அவற்றின் கடமை. பகைவனை அடிக்க ஓங்கிய கோல் பக்கத்து வீட்டுக்காரன் தலையிலும் படுவதைப் போல, பூஞ்சையின் நொதியை முடக்கும் மருந்து, கல்லீரலின் நொதி ஒன்றையும் முடக்கிவிடுகிறது.

சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பது அந்த நொதியே. அது முடங்கினால், அன்றாடம் உண்ணும் ஒரு மாத்திரை வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்குகிறது. அதன் அளவு பத்து மடங்குக்கும் மேலாக உயரக்கூடும். நான் இரவில் விழுங்கியது ஒரு மாத்திரை. என் உடம்பு தாங்கியதோ பல மாத்திரைகளின் சுமை. கொழுப்பைக் குறைக்கும் அம்மருந்து அளவு மீறினால் தசை அணுக்களை நலிவித்து உடைக்கிறது. உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. நான் கண்ட 'தே ஓ' நிறம் என் சொந்தத் தசையின் நிறம். சிறுநீரகம் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து. இந்நிலையை மருத்துவ நூலார் ராப்டோமயோலிசிஸ் என்பர். 1941-இல், இலண்டன் மாநகரில் குண்டு வீச்சால் இடிந்த கட்டடங்களின் அடியில் சிக்கித் தசை நசுங்கியவர்கள் பின்னர்ச் சிறுநீரகம் கெட்டு இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்னும் இரு மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள்மேல் சுவர் விழுந்தது. என்மேல் எதுவும் விழவில்லை, நானே விழுங்கினேன்.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் இந்த மருந்தினமே பூஞ்சையிலிருந்து பிறந்ததுதான். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973-இல் ஒரு நீலப் பூஞ்சையில் இவ்வினத்தின் முதல் மருந்தைக் கண்டார். 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டினும் ஒரு பூஞ்சையின் கொடையே. அதைச் சற்று மாற்றி அமைத்ததே சிம்வாஸ்டாட்டின். அதுபோலவே, பூஞ்சை நோய்க்கு முதன்முதலாக வாய்வழி உண்ணக் கிடைத்த மருந்துகளுள் ஒன்றாகிய கிரிசியோபல்வினும் 1939-இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே. என் நகத்தில் இருந்ததும் பூஞ்சை. என் இரத்தக் கொழுப்பைக் காத்ததும் பூஞ்சை தந்த மருந்து. இடையில் அகப்பட்டு நைந்தது என் சதை.

ஒன்பது நாள்கள் மருத்துவமனையில் கிடந்தேன். இரண்டு மருந்துகளையும் உடனே நிறுத்தினார்கள். நாளம் வழியாக உப்புநீரை ஓயாமல் செலுத்தினார்கள். வெளியேறும் சிறுநீரை மணிக்கு மணி அளந்தார்கள். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் தேவைப்படலாம் என்று முதல் மூன்று நாள்கள் மருத்துவர்கள் ஐயுற்றார்கள், நல்வேளையாகத் தேவைப்படவில்லை. நான்காம் நாள் சிறுநீரின் நிறம் தெளியத் தொடங்கியது. அந்த நிறத்தைப் பார்த்து என் துணைவி கண்ணீர் விட்டாள். முப்பதாண்டு இல்வாழ்க்கையில் பொன்னைக் கண்டும் பட்டைக் கண்டும் அவள் அவ்வாறு மகிழ்ந்து நான் கண்டதில்லை.

அந்தப் படுக்கையில் எனக்குத் திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. மருந்து என்னும் அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. இதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். "நோயாளி எப்படி ஐயா மருத்துவத்தின் ஒரு கூறு ஆவான்? அவன் மருத்துவத்தைப் பெறுபவன்தானே?" என்று ஒரு மாணவன் கேட்டான். தேர்வுக்கு வேண்டிய அளவில் ஏதோ விடை சொல்லி அவனை அமர்த்தினேன். உண்மையான விடையை இப்போது சொல்கிறேன். நோயாளி, மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்பவனாக இருந்தால்தான் மருத்துவத்தின் ஒரு கூறு ஆகிறான். அவன் வாய் மூடினால், மற்ற மூன்று கூறுகளும் குருட்டு வழியில் நடக்கின்றன.

நான்காவது கூறாகிய அருகிருப்பவரோ என் வீட்டிலேயே இருந்தாள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய இரவில் கேட்டாள். அவள் கேட்டது மருத்துவ நூல்கள் எச்சரிக்கும் கேள்வி. சிம்வாஸ்டாட்டினை இட்ராகொனசோலோடு சேர்த்து உண்ணலாகாது என்பதை 2011-இலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தெளிவாக அறிவுறுத்தியிருந்தது. என் மேசை இழுப்பறையில் மடித்துக் கிடந்த தாளிலும் அது அச்சிடப்பட்டிருந்ததை, வீடு திரும்பிய அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ஆறாம் வகுப்பு படித்தவள் கேட்டாள், ஆசிரியன் படிக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க, இனிமேல் கேட்டால் சிரிக்காமல் இருந்தால் போதும்" என்றாள்.

இதைப் படிப்பவர்கள் பூஞ்சை மருந்து என்றாலே அஞ்ச வேண்டியதில்லை. எண்ணற்றவர்கள் அதை உண்டு நலம் பெறுகிறார்கள். உடலின் உள்ளே பரவும் பூஞ்சை நோயில் அது உயிரையே காக்கிறது. தசையைத் தாக்கும் விளைவு மிக அரிது. பெரும்பாலும் என்னைப்போல் சேரக்கூடாத மருந்தோடு சேர்த்து உண்பவர்களுக்கே அது நேர்கிறது. நகச்சொத்தைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டெர்பினாபின் என்னும் மாத்திரை வேறு வகையைச் சேர்ந்தது. கல்லீரலின் அந்த நொதியை அது அவ்வாறு முடக்குவதில்லை. எனினும் அதைத் தனியே உண்டவர்களிலும் சிலருக்குத் தசைவலியும், மிக அரிதாகத் தசைச் சிதைவும் ஏற்பட்டதாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இட்ராகொனசோலும் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, அதனால் தசைகளைத் தளரச் செய்வதுண்டு. அரிது என்பது இல்லை என்று பொருள்படாது. அரிது என்னும் சொல் மருத்துவருக்கு ஒரு கணக்கு. அகப்பட்டவனுக்கோ அதுவே முழு வாழ்க்கை.

ஆகவே, மாத்திரை உண்ணும் நாள்களில் காரணமின்றித் தசை வலித்தாலோ, எழவும் ஏறவும் இயலாமல் தளர்ந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். பழகிப்போன மாத்திரையையும், நாட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். சொல்ல மறந்துவிடுவோம் என்றால் பிஸ்கட் டின்னையே தூக்கிக்கொண்டு போங்கள். என் கதையைக் கேட்டுவிட்டுக் கொழுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்ட நண்பர் ஒருவரும் உண்டு. அதுவும் தவறு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எனக்கும் சில மாதங்கள் கழித்து, வேறொரு கொழுப்பு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்துக் கண்காணித்தார்கள்.

மாணவ மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா பாட்டியின் மருந்துத் தாள்களை எடுத்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அகராதியைத் துணைக்கொண்டு பொருளறிந்து, தெளிந்த தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அதைவிடப் பயனுள்ள மொழிபெயர்ப்புப் பயிற்சி எந்தப் பாடநூலிலும் இல்லை. புரியாததை மருந்தாளுநரிடம் கேளுங்கள். கேட்பவரைப் பார்த்து யாரேனும் சிரித்தால், சிரிப்பவரே அறியாதவர் என்று கொள்ளுங்கள்.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி ஆறு வாரங்களே ஆகியிருந்தன. படியேற இருவர் தோள் கொடுத்தார்கள். மணவறையில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். மருந்து பாதியில் நின்றுவிட்டதால் நகங்கள் முன்போலவே கறுத்திருந்தன. பாதபூசையின்போது கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். என் மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, காலை எடுத்து வையுங்கள்" என்றாள். வைத்தேன். அவள் தண்ணீர் ஊற்றினாள்; இரண்டு கட்டைவிரல்களையும் கைகளால் துடைத்தாள்; மஞ்சள் பூசினாள்; குங்குமம் இட்டாள். அந்த மஞ்சளைக் கண்டதும், அன்று தோட்டத்து லயத்தில் இதே விரலிடுக்குகளில் மஞ்சள் பூசிய அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன. ஒளிப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நகங்கள் அதில் தெளிவாகவே தெரிகின்றன. பார்த்தவர்களில் ஒருவர்கூட அவற்றைப் பற்றிக் கேட்டதில்லை. யாரும் பார்க்காத ஒன்றை மறைப்பதற்காகவே நான் என் உயிரைப் பணயம் வைத்தேன். மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றையோ மருத்துவரிடமே மறைத்தேன். எதை மறைப்பது, எதைச் சொல்வது என்று பிரித்தறிவதும் கல்வியின் ஒரு பகுதியே. முப்பத்து மூன்று ஆண்டுகள் கற்பித்த பிறகே அதை நான் கற்றுக்கொண்டேன். என் மாணவர்களும் அவர்களின் மாணவர்களும் அதைச் சற்று முன்னதாகவே கற்றுக்கொள்வார்களாக!